'குடிகள் இலர்' என எழுதியவர் யார்?

பூமிசாத்திர நூல்கள் ஒவ்வொரு நாட்டையும் மூன்று தலைப்புகளிற் கூறும்: நில அமைப்பு, மக்கள், ஆட்சி. மாணவர் மனனஞ் செய்வதும் பரீட்சைத் தாளில் எழுதுவதும் இவ்வொழுங்கிலேதான். இந்து சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் சாகோஸ் தீவுக் கூட்டத்தைப் பற்றிக் கையேடுகளைப் புரட்டுவோர், இரண்டாந் தலைப்பின் கீழே, அங்கு நிலையான குடிகள் இலர், படையினரும் ஒப்பந்த ஊழியருமே உளர் என்ற கருத்துடைய வாசகத்தைக் காண்பர். அவ்வாசகம் பொய்யாயின் திருத்திவிடலாம். அது மெய்யாகும்படி செய்யப்பட்டது, கொடுமை அதுவே. யார் செய்தனர், எவ்வாறு செய்தனர் என்பதை அதே மூன்று தலைப்புகளைக் கொண்டே ஆராய்வோம்.

முதலில் நிலம். மாலைதீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தொலைவில், ஏழு பவளத்தீவு வளையங்களிலே அறுபதுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அனைத்தையுஞ் சேர்த்தாலும் நிலப்பரப்பு அறுபது சதுர கிலோமீற்றர் அளவினதே. அதில் ஏறத்தாழப் பாதி டியாகோ கார்சியா என்னும் ஒரு தீவு. தென்னையும் மீனும் தவிர வேறு செல்வமில்லை. ஆயினும் அத்தீவு பெருங்கப்பல்கள் தங்கத்தக்க அமைதியான கடனீரேரியைத் தன் கைகளுக்குள் அணைத்து வைத்திருக்கிறது. ஆபிரிக்கா, மேற்காசியா, தென்னாசியா ஆகிய மூன்றையும் எட்டத்தக்க இடத்திலும் இருக்கிறது. தேசப்படத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றுவது படைத்தலைவரின் மேசையில் ஒரு கோட்டையாகத் தோன்றிற்று. 1957ஆம் ஆண்டிலே திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் இலங்கைக்குக் கையளித்துவிட்டுப் போன பிரித்தானியாவும், அதன் பின்னே வந்த அமெரிக்காவும், கேள்வி கேட்போர் இல்லாத தீவொன்றை நாடியதன் பொருள் நம்மவர்க்கு விளங்காததன்று.

அடுத்தது மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மடகாஸ்கரிலும் மொசாம்பிக்கிலும் பிடிக்கப்பட்ட அடிமைகளை மொரீஷியஸ் வழியாக இங்கு கொண்டுவந்து தென்னை நடுவித்தனர். நெப்போலியப் போரின் பின், 1814இல், மொரீஷியசும் அதனைச் சார்ந்த தீவுகளும் பிரித்தானியாவின் உடைமையாயின. 1835இல் அடிமைத்தனம் ஒழிந்தது, தென்னந்தோட்டம் ஒழியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளும் அவர்களோடு கலந்தனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேங்காயுரித்துக் கொப்பறா காயவைத்த இம்மக்கள், தமக்கெனக் கிரியோல் மொழியும், தேவாலயமும், பாட்டும், இறந்தோரைப் புதைத்த மயானமும் உடைய ஒரு சமூகமாயினர். பின்னாளில், 1975ஆம் ஆண்டிலே, தமக்கிழைத்த அநீதிக்காகப் பிரித்தானிய அரசின்மீது இலண்டனில் வழக்குத் தொடுத்த சாகோஸ் தீவினரின் பெயர் மிஷேல் வென்கடாசென். அப்பெயரின் ஓசையைக் கேட்கும் தமிழர் அது எந்தக் கரையிலிருந்து புறப்பட்டதெனக் கேட்க வேண்டியதில்லை.

இத்தகைய மக்களைக் 'குடிகள் அல்லர்' என எவ்வாறு ஆக்குவது? துப்பாக்கிக்கு முன்னர்ப் பேனா வேலை செய்தது. 1965 நவம்பர் 8ஆந் தேதி, மொரீஷியஸ் சுதந்திரம் பெறுமுன்னரே, அதிலிருந்து சாகோஸைத் துண்டித்துப் 'பிரித்தானிய இந்து சமுத்திர ஆள்புலம்' என்ற புதிய குடியேற்றநாடு படைக்கப்பட்டது. குடியேற்றநாடுகளுக்கு விடுதலை வேண்டுமென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1960இல் முழங்கி ஐந்தாண்டு கழிந்த பின்னர் இது நடந்தது. நடத்தியதோ தொழிலாளர் கட்சி அரசாங்கம். 1966 டிசம்பரில் அமெரிக்காவுடன் உடன்பாடு கைச்சாத்தாயிற்று. பொலாரிஸ் ஏவுகணை ஆராய்ச்சிக் கட்டணத்தில் 14 மில்லியன் டொலர் இரகசியமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. தீவில் மக்கள் உண்டென்று ஒப்பினால் அவர்களுடைய நலனுக்கு ஐக்கிய நாடுகள் சபையில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர்கள் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளரே என்று எழுதினர். அவ்வாண்டின் உத்தியோகக் குறிப்பொன்று கடற்பறவைகளைத் தவிரப் பூர்வீகக் குடிகள் அங்கே இரார் என ஏளனஞ் செய்தது. இன்னொன்று அம்மக்களைத் 'டார்சான்கள்' என இகழ்ந்தது.

எழுதியதை மெய்யாக்கும் வேலை பின்னர் தொடங்கிற்று. மருத்துவத்துக்காக மொரீஷியஸ் சென்றோர்க்கு 1968 முதல் திரும்புங் கப்பலில் இடம் மறுக்கப்பட்டது. தோட்டங்களை அரசாங்கமே வாங்கிப் பின்னர் மூடிற்று. உணவுப் பண்டங்கள் குறைந்தன. 1971இல் அனுமதிச் சீட்டின்றித் தீவில் இருப்பதே குற்றமெனச் சட்டம் வந்தது. அம்மக்கள் வளர்த்த நாய்களைக் கொப்பறா உலர்த்துங் கொட்டிலில் அடைத்து, வாகனப் புகையால் மூச்சடைக்கச் செய்து கொன்றனர். அதனைக் கண்ட மக்கள் தங்கள் முறை எப்போதென அஞ்சியதில் வியப்பென்ன? 1973ஆம் ஆண்டுக்குள் ஆயிரத்தைந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்டோர் மொரீஷியசிலும் சீஷெல்சிலும் இறக்கிவிடப்பட்டனர். வீடில்லை, தொழிலில்லை. 1972இல் மொரீஷியஸ் அரசுக்குக் கொடுத்த 650,000 பவுண் ஐந்தாண்டு கழிந்தே அவர்கள் கைக்கு எட்டிற்று. 1982இல் வந்த 4 மில்லியன் பவுணுக்காக, எழுத்தறியாதோர் பலர், இனி உரிமை கோரேம் எனத் தமக்கு விளங்காத பத்திரங்களிற் கைநாட்டு இட்டனர்.

இங்கே நாம் நம்மையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளல் வேண்டும். 1971 டிசம்பரிலே இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனஞ் செய்தது, முன்மொழிந்தது இலங்கை. அதனைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அவ்வாண்டிலேயே டியாகோ கார்சியாவிலிருந்து விரட்டப்பட்ட மக்களைப் பற்றி அத்தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை. அதனை முன்னின்று கேட்ட பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவே, 1964இல், மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டவர். அவர்களைக் குறித்தும் 'வந்துபோகுங் கூலிகள்' என்றே சொல்லப்பட்டது. 1948இல் அவர்களை நாடற்றவர் ஆக்கிய நியாயமும் அதுவே. தோட்டத்தில் உழைப்பவன் எத்தனை தலைமுறை உழைத்தாலும் அவன் வந்தவன். தோட்டத்தைக் காகிதத்திற் பெற்றவன் வந்த மறுநாளே உடையவன். இந்நியாயம் ஏகாதிபத்தியத்துக்கு மட்டும் உரியதென நாம் எண்ணியிருந்தால் அது நமது மறதி.

மூன்றாவது ஆட்சி. மக்களை நீக்கிய பின் எஞ்சிய அரசாங்கம் எத்தகையது? சட்டசபை இல்லை, தேர்தல் இல்லை, வாக்காளரே இல்லை. இலண்டன் வெளிநாட்டு அமைச்சிலிருக்கும் ஆணையாளர் ஒருவரே சட்டமியற்றுவார். ஆயினும் முத்திரை உண்டு, கொடி உண்டு, உயர்நீதிமன்றமும் உண்டு. ஒலிவியே பாங்கூல் என்னுஞ் சாகோஸ் தீவினர் தொடுத்த வழக்கில், வெளியேற்றியது சட்டவிரோதமென 2000ஆம் ஆண்டிலே இலண்டன் நீதிமன்றந் தீர்த்தது. 2004இல் பாராளுமன்றத்துக்கே வராமல், அரசியின் ஆணைகளால், அவ்வெற்றி பறிக்கப்பட்டது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவருக்கு இருவராய்ப் பிரிந்து அரசின் பக்கம் நின்றனர். அவ்வாட்சியின் இயல்பை நம்மவர் சிலரும் உடலால் அறிந்தனர். 2021 ஒக்டோபரில், படகு பழுதாகி டியாகோ கார்சியாவில் ஏற்றப்பட்ட ஈழத்தமிழ் அகதிகள் மூன்றாண்டுக்கு மேலாகக் கூடாரங்களில் அடைபட்டனர். பெரும்பாலோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னரே, 2024 டிசம்பரில், அது சட்டவிரோதத் தடுப்பு என அவ்வாள்புலத்து நீதிமன்றமே கூறிற்று. உரியவர் திரும்பவும் முடியாது, ஒதுங்கியவர் போகவும் முடியாது. இதுவே அதன் ஆட்சி.

பாதுகாப்பு என்பர். உலக அமைதிக்குத் தளம் வேண்டுமென்பர். 1991இலும் 2003இலும் ஈராக்கின்மீது குண்டு பொழிந்த விமானங்கள் எழுந்த தளத்தால் யாருடைய அமைதி காக்கப்பட்டது? பவளப்பாறை காக்க வேண்டுமென 2010இல் அக்கடலைப் பாதுகாப்பு வலயமாக்கினர். மீனுக்கு அருள் புரிந்த அரசு, மீன் பிடித்து வாழ்ந்தவனை மறந்ததேன்? தென்னந்தோட்டத் தொழிலாளி பாறைக்குப் பகையாம்; போர்க்கப்பல் பகையன்றாம்!

சர்வதேச நீதிமன்றம் 2019இல் பதின்மூவருக்கு ஒருவராய்ப் பிரித்தானியாவின் ஆட்சி சட்டவிரோதமெனக் கருத்துரைத்தது. பொதுச்சபை 116க்கு 6 என வாக்களித்தது. 2025 மே 22இல் கையொப்பமான உடன்படிக்கை, இறைமை மொரீஷியசுக்கு உரியதென்கிறது; அதே மூச்சில் டியாகோ கார்சியாவைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. ஏனைய தீவுகளில் மீள்குடியேற்றம் ஆகலாம். தளம் உள்ள தீவில் ஆகாது. இறைமை பற்றிய நீதி பெரிது. அதனை நாம் சிறுமைப்படுத்தோம். சாகோஸ் மக்களுள்ளும் அதனை வரவேற்பார் உளர், எதிர்ப்பார் உளர். ஆயின் பேச்சுமேசையிலே இரு அரசுகள் இருந்தன; அம்மக்களுக்கு ஆசனம் இருக்கவில்லை. 1965இலும் இருக்கவில்லை. சாம்ராச்சியம் போகிறதேயென அழுவோர் அம்மக்களின் கண்ணீரை இரவல் வாங்குவதும் நேர்மையன்று; அறுபதாண்டு அவர்கள் எங்கே இருந்தனர்?

மாணவரும் ஆசிரியருமாகிய நம் வாசகர்களுக்கு நாம் சொல்வது இது. சாகோஸைக் கற்பிக்கும் நாளில் இரண்டாந் தலைப்பை வெறுமையாக விடாதீர்கள். அங்கே குடிகள் இருந்தனர். மொரீஷியசிலும், சீஷெல்சிலும், இலண்டனுக்கு அருகே குரோலி நகரிலும் இன்றும் இருக்கின்றனர். திரும்பும் உரிமை அவர்களுடையது, தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுடையது என எழுதச் சொல்லுங்கள். பரீட்சகர் புள்ளி குறைப்பாராயின், குறைக்கட்டும்.