பல்பு கண்ணடிக்கிறதா?

எங்கள் தெருவில் சாயங்காலம் ஆறரை மணி ஆனால் எல்லா வீட்டு விளக்கும் கண்ணடிக்கும். கண்ணடித்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? எதற்காக அடிக்கிறது என்று தெரியாவிட்டால் டி.வி. போய்விடும் சார்!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கரண்ட், பாங்க்கில் இருக்கும் கரண்ட் அக்கவுண்ட். இருந்தாலும் மாடிவீட்டு ரிட்டயர்ட் இன்ஜினீயர் மாமாவைக் குடைந்ததில் கொஞ்சம் பிடிபட்டது.

ஒரே ஒரு விளக்கு மட்டும் மினுக்கினால் ஹோல்டரோ சுவிட்சோ லூஸ். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முறுக்கச் சொல்லுங்கள்; விட்டுவைத்தால் சூடேறிக் கருகும். தண்ணி மோட்டார் போடும்போது ஒரு நொடி மங்கித் தெளிந்தால் சகஜம். கிளம்பும்போது அது பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீடு முழுக்க மங்கினால்? வாசலுக்கு வந்து எதிர்வீட்டை எட்டிப் பாருங்கள். (நமக்குப் பழக்கமான வேலைதானே!) அங்கேயும் மங்கல் என்றால் பெரும்பாலும் கோளாறு லைனில்.

நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். 1956-ம் வருஷத்து மின்சார விதிகள் 6 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. அதாவது 216-லிருந்து 244 வரை. பழைய குண்டு பல்பு ரொம்ப நேர்மையானது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் குறைத்துக் காட்டிவிடும். இன்றைய எல்.இ.டி.க்களில் பல, 180 வோல்ட்டிலும் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரிக்கும். ஃபேன்தான் போட்டுக் கொடுக்கும்.

இதெல்லாம் சில்லறை. பயப்பட வேண்டியது வேறு. சில விளக்கு மங்கி, சில விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால், யோசிக்காமல் மெயினை அணையுங்கள்!

போன மாசம் தெருக்கோடி வாத்தியார் வீட்டில் அதுதான் நடந்தது. மனுஷர் சிக்கனம். ஒரே ஒரு விளக்கு, ஒரு டி.வி. எதிர்வீட்டில் இரண்டு ஏ.சி. திடீரென்று எதிர்வீட்டு விளக்குகள் அழுது வடிந்தன. வாத்தியார் வீட்டில் பல்பு பகல் மாதிரி எரிந்து 'டப்'! டி.வி.யிலிருந்து புகை.

"இது என்ன மாமா அநியாயம்? ரெண்டு ஏ.சி. போட்டவன் தப்பிச்சான், சிக்கனமா இருந்தவருக்குத் தண்டனையா?"

"கம்பத்துல நியூட்ரல் அறுந்துடுத்துப்பா. ரெண்டு வீடும் வேற வேற ஃபேஸ். நியூட்ரல் இல்லேன்னா ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவுல இருக்கிற 400 வோல்ட்டை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும். லோடு அதிகமா இருக்கிறவனுக்குக் கொஞ்சம், கம்மியா இருக்கிறவனுக்கு நிறைய!"

இப்படி ஒரு பார்ட்னர்ஷிப் கணக்கை நான் காலேஜில் படித்ததே இல்லை.

"எம்.சி.பி. விழுந்திருக்கணுமே?"

"அது கரண்ட் கூடினா விழும். வோல்ட்டேஜ் கூடினதுக்கு விழாது."

அதற்கென்றே ஓவர் வோல்ட்டேஜ் கட்-ஆஃப் விற்கிறது. மெயினுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். "டெஸ்டர் எரியுதே சார், எல்லாம் கரெக்ட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நியூட்ரல் போனாலும் டெஸ்டர் எரியும். மீட்டர் வைத்து அளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்யலாம். வெறுமனே "லோ வோல்ட்டேஜ்" என்று சொல்லாதீர்கள். "பாதி விளக்கு மங்கல், பாதி விளக்கு பளிச், நியூட்ரல் சந்தேகம்" என்று சொல்லுங்கள். இணைப்பு எண் கையில் இருக்கட்டும். லைன்மேன் சரிசெய்து, மீட்டரில் 230 பக்கம் காட்டும்வரை மெயின் பக்கம் போகாதீர்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவராக இருந்தாலும் சரி!