சாட்சியம் கலையாகாதா?

தமக்கு இழைக்கப்பட்டதை ஒருவர் எடுத்துரைத்தால் அது முறையீடேயன்றிக் கலையாகாது என்று வாதிடுவோர் உளர். அவர்கள் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஹவர்டீனா பிண்டெல் 1980-இல் ஆக்கிய வீடியோப் படைப்பைப் பன்னிரண்டு நிமிடம் பொறுமையோடு காணட்டும். 'சுதந்திரம், வெள்ளை, 21' என்பது அதன் பெயர். 'நான் அடிமையல்லேன், வெள்ளை இனத்தவள், வயது வந்தவள். என்னைக் கேட்க நீ யார்?' என்ற இறுமாப்பு ஒலிக்கும் பழைய அமெரிக்கச் சொல்வழக்கு அது.

பிண்டெல் நம்மை நேராக நோக்கிப் பேசுகிறார். தம் அன்னை சிறுமியாயிருந்தபோது, பராமரிக்க வந்த பெண் அவரது கருநிறத்தை அழுக்கென்று கருதிக் கடுங்காரத்தால் கழுவினாள். தோல் வெந்து தழும்பாயிற்று. மழலையர் பள்ளியில் உறங்கும் வேளையில் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்றதற்காக ஆசிரியை பிண்டெலைத் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார். இவற்றைச் சொல்கையில் அவர் குரல் உயரவில்லை.

இடையிடையே வெள்ளைக்காரி ஒருத்தி தோன்றுகிறாள். முகத்தில் வெள்ளைப் பூச்சும் பொன்னிறப் பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக வருபவரும் பிண்டெலே. எல்லாம் உன் கற்பனை, நீ நன்றியில்லாதவள், நாங்கள் ஒப்பினாலன்றி உன் அனுபவம் செல்லாது என்று அவள் சாதிக்கிறாள். இரு தரப்பையும் காட்ட வேண்டாமா என்று கேட்போர் இதைக் கவனிக்க வேண்டும். மறுதரப்பு இங்கே தன் சொந்த மொழியிலேயே பேசுகிறது!

கறுப்பினத்தார் கண்ணுக்குப் புலப்படாமற் போனதற்குக் காரணம் பார்வைக் குறைவன்று. அவர்தம் சாட்சியத்தை நம்ப மறுக்கும் அந்த வாயே அவர்களை மறைக்கிறது என்போம் நாம். பெண்ணுரிமை பேசிய வெள்ளை மகளிரும் இதற்கு விலக்கல்லர். படைப்பு முதலில் காட்டப்பட்டதோ, பிண்டெலும் சேர்ந்து 1972-இல் நிறுவிய மகளிர் காட்சிக்கூடத்தில்!

அவர் கலையுலகின் வாசலில் நின்று புலம்பியவரும் அல்லர். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1967 முதல் 1979 வரை பணியாற்றியவர். 1979-இல் நேர்ந்த கார் விபத்தில் நினைவின் ஒரு பகுதியை இழந்தார். மறந்துவிட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. ஒதுங்கவில்லை, மறு ஆண்டே இதைப் படைத்தார்.

அவரது வாழ்நாட் பணியை ஒருசேரக் காட்டிய முதற் பெருங்காட்சி சிகாகோவில் தொடங்கியது 2018-இல். அப்போது அவருக்கு வயது 74. தகுதியொன்றையே பார்க்கிறோம் என்ற கலைக்கூடங்கள் அத்துணைக் காலம் எதற்காகக் காத்திருந்தன? பொய்முடி அணிந்த அந்தப் பெண் 1980-இலேயே விடை சொல்லிவிட்டாள்.