ஊர் விலக்கிய நீதிபதி

அமெரிக்காவில் சமஷ்டி ஜில்லா நீதிபதியின் பதவி ஆயுள் பரியந்தம் உள்ளது; அவருடைய சம்பளத்தைக் குறைக்கக் காங்கிரஸுக்கும் அதிகாரமில்லை. இவ்வளவு பாதுகாப்பு எதற்கு என்று கேட்கும் நேயர்களுக்கு வேட்டீஸ் வேரிங்கின் உத்தியோக வரலாற்றைச் சொல்வோம்.

தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரத்துப் பழம் பெரும் வெள்ளைக் குடும்பத்தவர் அவர். 1942-ல் ரூஸ்வெல்ட் அவரை நியமித்தபோது வயது 61. 1944-ல், கறுப்பு உபாத்தியாயர்களுக்கும் வெள்ளையருக்குச் சமமான சம்பளம் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். (உபாத்தியாயராகிய நமக்கு அவரிடம் பிரீதி உண்டாக இது ஒன்றே போதும்!)

1946-ல் ஐஸக் வுட்டார்டு என்ற கறுப்புப் போர்வீரர், சேனையிலிருந்து விடைபெற்று, உடுப்பைக்கூடக் களையாமல் வீடு திரும்புகையில், ஒரு போலீஸ் தலைவரின் தடியடியால் இரு கண்களையும் இழந்தார். வெள்ளையரே நிறைந்த ஜூரி, சுமார் அரை மணியில் அந்த அதிகாரியை விடுவித்தது. விசாரணை நடத்திய வேரிங்குக்கு அதை மாற்ற வழியில்லை. அவர் மனந்தான் மாறிற்று.

மறு வருஷம், ஜனநாயகக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் கறுப்பரும் வோட்டளிக்கலாம் என்றார். ஊர் அவரைப் பகிஷ்கரித்தது. வீட்டின்மேல் கல் விழுந்தது. 1951-ல், மூன்று நீதிபதிகளுள் தனித்து நின்று, பள்ளிகளை நிறத்தால் பிரிப்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்று எழுதினார். 1954-ல் சுப்ரீம் கோர்ட்டும் அம்முடிவுக்கே வந்தது.

அதற்குள் அவர் ஓய்வு பெற்று நியூயார்க்கில் குடியேறியிருந்தார், 1968-ல் காலமானார். 2015-ல் சார்ல்ஸ்டன் நீதிமன்றக் கட்டடம் அவர் பெயரைப் பெற்றது. அதுவரை அதற்கு மாஜி ஸெனட்டர் ஹாலிங்ஸின் பெயர் இருந்தது. அதை நீக்கச் சொன்னவரும் ஹாலிங்ஸே.