ரயில் போட்ட பிச்சையா திருப்பூர்?

"வெள்ளைக்காரன் ரயில் விட்டான், திருப்பூர் பிறந்தது. இல்லாவிட்டால் இன்றைக்கும் இது சோளக்காடுதான்." தொழில் விழா மேடைகளில் பல வருடங்களாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கைதட்டுகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ரயிலுக்கு முன் இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை என்பவர்கள் நொய்யல் கரையோரமாகக் கொடுமணல் வரை போய்வரட்டும். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே கல்மணி செய்து, இரும்பு உருக்கி, தூரதேசங்களோடு வியாபாரம் நடத்திய ஊர் அது.

வெள்ளைக்காரன்தான் தொழிலைக் கொண்டுவந்தான் என்பதற்குச் சாட்சியாக ஸ்டேன்ஸ் துரையின் பஞ்சாலையைக் காட்டுகிறார்கள். அது கோவையின் கதை.

ரயிலுக்கு வருவோம். சென்னையிலிருந்து மேற்குக் கரையின் பேப்பூருக்குப் பாதை போட்டார்கள்; 1862இல் இந்த வழியாக வண்டி ஓடியது. திருப்பூர் அவர்கள் குறிவைத்த ஊரல்ல, போகிற வழியில் இருந்த ஊர். அதே தண்டவாளம்தான் ஊத்துக்குளி வழியாகவும் வஞ்சிப்பாளையம் வழியாகவும் போகிறது. ஊத்துக்குளிக்கு வெண்ணெயால்தான் பேர். தண்டவாளம் தொழிலைக் கொண்டுவரும் என்றால் அங்கெல்லாம் ஏன் கொண்டுவரவில்லை? முதல் பனியன் கம்பெனியை குலாம் காதர் சாகிபு இங்கே தொடங்கியது 1925இல். ரயில் வந்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை வண்டியில் ஏறிப்போனது பஞ்சுப் பொதி. பஞ்சு இங்கிருந்து போனது, துணி சீமையிலிருந்து வந்தது. இதற்கா நன்றி சொல்வது?

அந்தப் பஞ்சும் சும்மா விளையவில்லை. இங்கே பயிரிட்ட கம்போடியா பருத்திக்குத் தண்ணீர் வேண்டும். இதுவோ மழை பொய்க்கும் பூமி. பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். காங்கேயம் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்தார்கள். எருதுகள் சரிவில் இறங்கினால் தண்ணீர் மொண்ட சால் மேலே வரும். பின்னுக்கு நடந்தால் சால் கிணற்றுக்குள் போகும். நாளெல்லாம் இப்படி நடந்தால்தான் பருத்திக்காடு நனையும். அந்த உழைப்பில் எந்தத் துரையின் பங்கும் கிடையாது.

பிறகு கதர். கதரைப் பரப்பிய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைமையிடமாக அப்போது இருந்தது திருப்பூர்தான். காந்தி இங்கே ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறார். சுற்றுவட்டாரப் பெண்கள் நூற்றார்கள், தறிக்காரர்கள் நெய்தார்கள். துணியை வாங்கி, தரம் பார்த்து, வெளியூருக்கு அனுப்பும் வித்தையை இந்த ஊர் அந்தக் கதர்ச் சந்தையில்தான் கற்றது. ஊரை வளர்த்ததாகச் சொல்லப்படும் சர்க்கார் அப்போது என்ன செய்தது? 1932 ஜனவரி 10ஆம் தேதி, கொடி பிடித்து ஊர்வலம் போன குமரனைப் போலீஸ் தடியால் மண்டையிலேயே அடித்தது. சென்னிமலை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. மறுநாள் உயிர் போனது. வயது 27.

விழா மலரில் 1862ஐப் போடுகிறவர்களே, பக்கத்திலேயே 1925ஐயும் 1932ஐயும் போடுங்கள். கிணறு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அடுத்த மேடை ஏறுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.