கோப்பையை மூடிய கை

நியூயார்க்குக்கு மேற்படிப்புக்குப் போகும் தம்பி ஒருவர் கிளம்புவதற்கு முன் எங்களைப் பார்க்க வந்திருந்தார். சேரியிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை இங்கே மூன்று பேரிடம் மட்டுமே சொன்னவர். அந்த நகரத்தின் கே பார்களையும் இரவுக் கொண்டாட்டங்களையும் பற்றிய வழிகாட்டி ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருந்தார். புரட்டிக் காட்டிவிட்டு ஒன்று சொன்னார்:

"அண்ணே, இதுல எல்லாம் இருக்கு. எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும், ஒரு பீர் என்ன விலைன்னு எல்லாம் போட்டிருக்கான். வாசல்ல நிக்கிறவன் என்னை எப்படிப் பார்ப்பான்னு மட்டும் போடல."

அந்த விடுபட்ட பக்கத்தை எழுதிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஊரில் சாதிய வன்கொடுமை நடந்துகொண்டிருக்க, அமெரிக்காவின் பார்களைப் பற்றி எழுத வேண்டுமா? அதிலும் சாராயம் நம் தெருக்களை என்ன பாடு படுத்துகிறது என்று தெரிந்த நாமே எழுதலாமா? கேள்வி நியாயமானதுதான். நாங்கள் குடிக்குப் பரிந்து பேசவில்லை. ஆனால் தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்தபோது நாம் தேநீருக்காகவா சண்டை போட்டோம்? மகாத் குளத்துக்கு 1927இல் அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துப்போனது தாகம் தீர்க்க மட்டுமா? எல்லோரும் புழங்கும் இடத்தில் எனக்கும் இடம் உண்டு என்பதற்காகத்தானே?

அப்படியானால் இந்தக் கதை நமக்குப் புரியாத கதை இல்லை.

முதலில் மேற்கு 10ஆம் தெருவில் உள்ள ஜூலியஸ் என்ற பாருக்குப் போவோம். மதுவிலக்கு முடிந்த பிறகு 1934இல் நியூயார்க் மாநிலம் மது அனுமதிகளைக் கவனிக்க ஓர் ஆணையம் அமைத்தது. கடை ஒழுங்கீனமாக இருந்தால் உரிமத்தைப் பறிக்கலாம் என்பது விதி. தன்பாலீர்ப்பாளர்கள் வந்து உட்கார்ந்தாலே அது ஒழுங்கீனம் என்பது அதிகாரிகள் அதற்குக் கொடுத்த பொருள். அவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, இருந்தாலே குற்றம். இருப்பதே குற்றம் என்ற சட்டத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1966 ஏப்ரல் 21 அன்று மட்டாசைன் சங்கத்தைச் சேர்ந்த சிலர், பத்திரிகையாளர்களையும் கூட்டிக்கொண்டு பார் பாராக ஏறினார்கள். நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், ஒழுங்காகத்தான் இருப்போம், எங்களுக்கு மது கொடுங்கள் என்று சொல்வதுதான் போராட்டம். ஜூலியஸில் பரிமாறுபவர் கோப்பையை எடுத்து வைத்திருந்தார். அவர்கள் யார் என்று சொன்னதும் அந்தக் கோப்பையின் வாயைத் தன் கையால் மூடினார். ஃப்ரெட் மெக்டாரா எடுத்த புகைப்படத்தில் அந்தக் கை இன்றும் இருக்கிறது. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் படத்தின் கீழே விளக்கம் எதுவும் தேவைப்படாது.

இந்தப் போராட்ட முறை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து எழ மறுத்தார்களே, அங்கிருந்து. மது மறுக்கப்பட்டவர்களுக்கு ஆதரவாகப் பேசிய நகர மனித உரிமை ஆணையத் தலைவர் வில்லியம் பூத்தும் கறுப்பினத்தவர்தான். ஆக, கே பார்களின் கதவைத் திறந்த சாவி கறுப்பின மக்களின் பட்டறையில் செய்தது. அந்தக் கதவு திறந்த பிறகு கறுப்பின மக்களை என்ன செய்தது என்பதுதான் அடுத்த கதை.

ஜூலியஸிலிருந்து சில நிமிட நடையில் கிறிஸ்டோபர் தெருவில் ஸ்டோன்வால் இருக்கிறது. எல்லா வழிகாட்டியிலும் முதல் பக்கத்தில் வரும் இடம். 1967இல் இதை கே பாராக நடத்தத் தொடங்கியது மாஃபியா கும்பல். மது உரிமம் இல்லை. கோப்பை கழுவ மேடைக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர்கூட இல்லை. கதவில் ஒரு துளை வைத்து, ஆளைப் பார்த்து உள்ளே விட்டார்கள். போலீஸுக்கு மாமூல் போனது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்றால் அவர்களிடம் அழுக்குக் கோப்பையையும் அதிக விலைக்கு விற்கலாம் என்பது உலகம் முழுக்க ஒரே வியாபாரக் கணக்கு.

1969 ஜூன் 28 அதிகாலையில் போலீஸ் உள்ளே நுழைந்தது. அன்று கூட்டம் கலையவில்லை, திருப்பித் தாக்கியது. அந்த நாட்களின் போராட்டத்தோடு சேர்த்து நினைக்கப்படும் பெயர்கள் இரண்டு: கறுப்பினத்தவரான மார்ஷா பி. ஜான்சன், லத்தீன் வம்சாவளியினரான சில்வியா ரிவேரா. இருவரும் தெருவில் வாழ்ந்தவர்கள். தங்களைப் போல வீடற்ற இளம் திருநங்கையருக்குத் தங்குமிடம் நடத்தியவர்கள். நான்கே ஆண்டுகள் கழித்து, 1973இல் வாஷிங்டன் சதுக்கத்தில் நடந்த பேரணி மேடையில் சில்வியா பேச ஏறியபோது சொந்தக் கூட்டமே கூச்சலிட்டு விரட்டப் பார்த்தது. தன்பாலீர்ப்பாளர் உரிமைச் சட்டத்துக்காகத் தெருவில் கையெழுத்து வாங்கிக் கைதானவர் அவர். அந்தச் சட்டம் 1986இல் நிறைவேறியபோது அதில் திருநர்களுக்கு இடம் இல்லை. 2002 ஏப்ரலில்தான் நகரச் சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. சில்வியா அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

முன்னால் நின்று அடி வாங்குவது ஒருவர், பந்தியில் முதலில் உட்காருவது இன்னொருவர். நமக்குப் பழக்கமான பந்திதான்.

இப்போது வடக்கே ஹார்லெமுக்கு வருவோம். 1913இல் அம்பேத்கர் படிக்க வந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதி. 1920களில் இங்கே 133ஆம் தெருவில் கிளாடிஸ் பென்ட்லி என்ற கறுப்பினப் பெண் ஆண்களின் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து பியானோ வாசித்துப் பாடினார். ராக்லாண்ட் பேலஸ் மண்டபத்தில் நடந்த மாறுவேட நடன விழாக்களுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. ஸ்டோன்வாலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அதே ஹார்லெமில் காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள் ஆடினார்கள், பார்க்கும் நாற்காலிகள் வெள்ளையருக்கு. நம் பறையும் நம் ஆட்டமும் வேண்டும், நாம் வேண்டாம் என்று சொல்லும் திருவிழாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

1967இல் நடந்த ஓர் அழகிப் போட்டியில் கறுப்பினத்தவரான கிரிஸ்டல் லபேஜா தீர்ப்பு நியாயமற்றது என்று வெளிநடப்புச் செய்தார். பிறகு அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் கறுப்பினத்தவருக்கான நடன விழாவைத் தாமே நடத்தினார்கள். லபேஜா இல்லம் உருவானது. வீட்டை விட்டு விரட்டப்பட்ட பிள்ளைகளுக்கு 'அம்மா' ஒருவர் தலைமை தாங்கும் குடும்பங்கள் அப்படித்தான் பெருகின. நம் திருநங்கையரின் அம்மா, மகள் உறவுமுறை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

பார்களின் வாசலில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது? வெள்ளையர் சிரித்துக்கொண்டே உள்ளே போவார். கறுப்பினத்தவர் வந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். ஒன்றைக் காட்டினால் இரண்டாவது கேட்பார்கள். உள்ளே வராதே என்று யாரும் சொல்லவில்லை, அட்டைதான் கேட்டார்கள். சாதி பார்ப்பதில்லை, முழுப் பெயரும் சொந்த ஊரும்தான் கேட்டோம் என்று வாடகை வீட்டுக்காரர் சொல்வது போல. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து அமைத்த கே அமைப்புகள் 1980களில் இந்த மோசடியை ஆவணப்படுத்திப் போராடின.

அதனால்தான் கிங் தெருவில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தில் இயங்கிய பாரடைஸ் கராஜ் முக்கியமாகிறது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 1987இல் மூடிய நடனக்கூடம். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். லாரி லெவான் இசைத்தட்டுச் சுழற்றினார். அங்கே மது விற்கப்படவில்லை. விடிய விடிய ஆடினார்கள், அவ்வளவுதான். இரவுக் கொண்டாட்டம் என்றால் குடி மட்டும்தானே என்று கேட்கும் தோழர்களுக்கு இந்த முகவரியைக் கொடுக்கிறோம்.

43ஆம் தெருவில் ப்ளூஸ் என்று ஒரு பார் இருந்தது. கறுப்பின, லத்தீன் உழைக்கும் மக்கள் வந்த இடம். 1982 செப்டம்பரில் போலீஸ் உள்ளே புகுந்து வந்தவர்களை அடித்து நொறுக்கியது. எதிரிலேயே இருந்தது உலகப் புகழ்பெற்ற நாளிதழின் அலுவலகம். ஸ்டோன்வாலைத் தெரிந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு ப்ளூஸைத் தெரியும்? எந்த அடி வரலாறாகும், எந்த அடி மறக்கப்படும் என்பதையும் அடிபட்டவரின் நிறம்தான் முடிவு செய்கிறது.

பாருக்குள் போகக் காசில்லாத இளைஞர்கள் கிறிஸ்டோபர் தெரு முடியும் ஆற்றங்கரைத் துறைமேடையில் கூடினார்கள். 2003இல் அதைப் பூங்காவாகப் புதுப்பித்துத் திறந்தபோது இரவு ஒரு மணிக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது என்றார்கள். சுற்றிலும் வீட்டு விலை ஏறிவிட்டது, சத்தம் தொந்தரவாகிவிட்டது. தெருவில் வானவில் கொடி பறக்கிறது, அந்தக் கொடிக்காக அடிபட்டவர்களின் பிள்ளைகளைப் போலீஸ் விரட்டுகிறது. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்களிடம் 'அழகுபடுத்துதல்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள்.

புரூக்ளினில் நாஸ்ட்ராண்ட் அவென்யூவில் ஸ்டார்லைட் லவுஞ்ச் இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் தொடங்கியது. யாரையும் ஒதுக்காத இடம் என்று சொல்லிக்கொண்டே சுமார் ஐம்பது ஆண்டுகள் நடந்தது. கட்டடம் கை மாறி 2010இல் மூடப்பட்டது. பாகுபாட்டை எதிர்த்து ஐம்பது ஆண்டு தாக்குப்பிடித்த இடத்தை ஒரு பத்திரப்பதிவு முடித்துவைத்தது. நிலம் நம் பெயரில் இல்லாதவரை எந்தக் கதவும் நமக்கு நிரந்தரம் இல்லை.

இவ்வளவும் அவர்களைக் குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

1963 வாஷிங்டன் பேரணியை ஒழுங்கமைத்தவர் பேயார்ட் ரஸ்டின். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காதவர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அவரையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் இணைத்து அவதூறு பரப்புவேன் என்று மிரட்டி அவரை ஒதுங்க வைத்தவர் வெள்ளை நிறவெறியர் அல்ல, ஹார்லெமின் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல். இயக்கத்தின் மானம் காக்க இயக்கத்தின் மூளையை ஒளித்துவைத்தார்கள். நாம் மட்டும் யோக்கியமா? நம் கூட்டங்களில் ஒரு பிள்ளையின் நடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் இல்லையா? 'இதெல்லாம் மேல்சாதிப் பணக்காரப் பழக்கம்' என்று சொல்லி நம் வீட்டுப் பிள்ளையின் வாயை அடைத்ததில்லையா? 2015 டெல்லி வானவில் பேரணியில் தலித் தன்பாலீர்ப்பாளர்கள் சாதி அடையாளத்தையும் சேர்த்து உரக்கச் சொன்னார்கள். அந்தப் பதாகைகள் பேரணியில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் சேர்த்துத்தான்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. அதற்கு வெகு காலம் முன்பே அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள் எல்லாவற்றிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டது. பொழுதுபோக்கும் உரிமைதான் என்று சட்டம் சொல்கிறது. உழைப்பதற்கும் சாவதற்கும் மட்டும் பிறந்தவர்கள் அல்ல நாம். ஆடவும் பாடவும் காதலிக்கவும் நம் பிள்ளைகளுக்கு இரவு வேண்டும்.

தம்பி, உனக்கு நாங்கள் தரும் வழிகாட்டி இவ்வளவுதான். ஜூலியஸுக்குப் போ, அந்தப் புகைப்படத்தை நினைத்துக்கொண்டு ஒரு தண்ணீராவது கேட்டு வாங்கிக் குடி. ஹார்லெமுக்குக் கட்டாயம் போ. ஜாக்சன் ஹைட்ஸில் நம் நாட்டவர் கூடும் இடங்களுக்கும் போ. அங்கே யாராவது முழுப் பெயரைக் கேட்டால் உன் பெயரைச் சொல், அதற்குமேல் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேள். சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்த வாசலில் உன்னை நிறுத்தினாலும் எங்களுக்கு எழுது.

ஊருக்குத் திரும்பி வரும்போது மூன்று பேரிடம் சொன்னதை முப்பது பேரிடம் நீ சொல்லும்படி எங்கள் வாசலைத் திறந்துவைப்பது எங்கள் வேலை. அதை நாங்கள் இன்னும் செய்து முடிக்கவில்லை.