எல்லாரும் பாஸ்னா அதுக்கு எதுக்குங்க பரீட்சை?

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு மொட்டை மாடியில சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டேன். அக்கா பொண்ணு (நாலாவது படிக்கிறா) கராத்தே பெல்ட் கிரேடிங்குக்கு தயாராகணுமாம். "நீதான் சின்ன வயசுல கத்துக்கிட்டியேடா, கொஞ்சம் சொல்லிக்குடு"ன்னு அக்காவோட உத்தரவு. வாரம் பூரா பெங்களூருல பொட்டி தட்டிட்டு, ரெண்டு நாள் திண்டுக்கல் வந்து பிரியாணி சாப்பிட்டு தூங்கலாம்னு பார்த்தா... சரி, விடுங்க.

பாப்பா இடுப்புல இப்ப ஆரஞ்சு பெல்ட். அடுத்தது பச்சை. "முதல்ல கத்துக்கிட்ட கட்டாவைப் பண்ணு பாப்போம்"னேன். ஹெய்ஆன் ஷோடான். 21 அசைவு. ஒகினாவாவுல இடோசு அங்கோங்கிற ஆசான், 1900களோட ஆரம்பத்துல பள்ளிக்கூடப் பிள்ளைங்களை மனசுல வச்சு அமைச்ச வரிசையில ஒண்ணு. எங்கே நின்னு ஆரம்பிச்சமோ அங்கேயே வந்து முடியணும். ஒரு அடி நீளமா ஒரு அடி குட்டையா வச்சா முடியாது. ஏமாத்தவே வழியில்லாத பரீட்சை, ஒரு சாக்பீஸ் இருந்தாப் போதும்.

பாப்பா குறியில நின்னு ஆரம்பிச்சு, தண்ணித் தொட்டிகிட்ட போய் முடிச்சா. அளந்தேன், நாலடி. முன் முட்டி மடங்கவே இல்லை, நேரா இருக்க வேண்டிய பின்னங்கால் மடங்குது. "திரும்பப் பண்ணு"ன்னேன்.

"மாமா, மாஸ்டர் இதெல்லாம் பாக்க மாட்டாங்க. பணம் கட்டியாச்சுல்ல."

ஒன்பது வயசுப் பிள்ளை. திமிரா சொல்லலை மக்களே, நாளைக்கு ஸ்கூல் லீவுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்லுது. எனக்குத்தான் சுருக்குன்னு இருந்துச்சு.

போன கிரேடிங்குக்கு நானும் போயிருந்தேன். ஒரு கல்யாண மண்டபம். நூறு பிள்ளைங்களுக்கு மேல. பத்துப் பத்து பேரா கூப்பிட்டு, அஞ்சு நிமிஷம் கை காலை ஆட்டச் சொல்லி, அடுத்த செட். மேடையில இருந்தவர் பாதி நேரம் செல்போன்ல. சாயங்காலம் அத்தனை பேருக்கும் புது பெல்ட், சான்றிதழ், சிறப்பு விருந்தினரோட போட்டோ. ஒருத்தர் கூட ஃபெயில் இல்லை. அதுக்கான கட்டணம் மாசக் கட்டணத்தைவிட ரெண்டு மடங்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை இப்படி! இதுக்குப் பேரு தேர்வு இல்லைங்க, வியாபாரம். பெல்ட்டை நேரா கடையில வாங்கினா இன்னும் சல்லிசு.

நான் இன்ஜினியரிங்ல எம்-3 அரியர் வச்சவன். ஃபெயில் ஆனா எப்படி இருக்கும்னு யாரும் எனக்கு சொல்ல வேண்டாம். ஆபீஸ்ல எந்தக் கோடை எழுதிப் போட்டாலும் டெஸ்ட் பாஸ் ஆகுதுன்னா, கோடை விட்டுட்டு முதல்ல டெஸ்ட்டைத்தான் சந்தேகப்படுவோம். அவ்வளவு ஏன், எங்க ஊர்ல பூட்டு வாங்குறவங்க இழுத்துப் பார்க்காம வாங்க மாட்டாங்க. 2019ல திண்டுக்கல் பூட்டுக்கு புவிசார் குறியீடு கிடைச்சது, எந்தச் சாவிக்கும் திறக்கிற பூட்டைச் செஞ்சதுக்கு இல்லையே!

இத்தனைக்கும் இந்த பெல்ட் ஒண்ணும் ஆயிரம் வருஷப் பாரம்பரியம் கிடையாது. டான் தரவரிசையைக் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கின கானோ ஜிகோரோ. 1883ல முதல் டான் கொடுத்தது ரெண்டே ரெண்டு மாணவர்களுக்கு. ஃபுனகோஷி கிச்சின் அதை கராத்தேவுக்கு எடுத்துக்கிட்டு 1924ல முதன்முதலா கறுப்பு பெல்ட் கொடுத்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சைன்னு கலர் கலரா வந்தது 1920, 30கள்ல ஐரோப்பாவுல ஜூடோ பரவினப்போ. படிக்கிறவன் சோர்ந்து போகாம இருக்க வச்ச படிக்கட்டு அது. தப்பில்லை. ஆனா படிக்கட்டுன்னா ஏறணும்ல? நம்மாளுங்க எஸ்கலேட்டர் வச்சுட்டாய்ங்க.

"ஃபெயில் போட்டா பிள்ளைங்க அழுதுட்டு நின்னுடும் சார், வாடகை யார் குடுக்கிறது?"ன்னு ஒரு மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாசக் கட்டணம் சில நூறு ரூபாய், அதுல மண்டப வாடகை, கரண்ட் பில் எல்லாம் பார்க்கணும். அப்போ மாசக் கட்டணத்தை ஏத்துங்க. பெத்தவங்களும் பேரம் பேசாம குடுங்க. ஜவுளிக்கடையில பேசாத பேரத்தை சொல்லிக்குடுக்கிறவர்கிட்டதானே பேசுறோம்? ஆனா அவர் வருமானம், பிள்ளையை பாஸ் போடுறதுல இருக்கிற வரைக்கும் அவர் வாயில உண்மை வராது.

எனக்கு 12 வயசுல பச்சை பெல்ட் தேர்வுல ஃபெயில் போட்டார் என் பழைய மாஸ்டர். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுட்டே வந்தேன். ஆறு மாசம் கழிச்சு வாங்கினேன். அந்த பெல்ட் இன்னும் வீட்ல இருக்கு, எம்-3 மார்க் ஷீட் எங்கேன்னே தெரியலை :-)

கோபத்துக்கு உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை. போன மாசம் பாப்பா அக்காகிட்ட சொல்லியிருக்கா: "டியூஷன் விட்டு நானே வந்துடுவேன்மா, நீ வரவேணாம். யாராச்சும் வந்தா அடிச்சிருவேன், நான் ஆரஞ்சு பெல்ட்." டியூஷன் முடியறது ராத்திரி எட்டு மணிக்கு. அந்தத் தெருவுல பாதி லைட் எரியாது. என் விரலை அவ கையில குடுத்து உடைக்கச் சொன்னாக்கூட முடியாது. அந்த ஆரஞ்சு துணி அவளுக்கு என்ன சொல்லிக் குடுத்திருக்குன்னு பாருங்க.

மாஸ்டர்கிட்டயே போய் கேட்டுட்டேன். "சார், எங்க பாப்பா இந்தத் தடவை சரியா பண்ணலைன்னா ஃபெயில் போட்டுடுங்க, பணம் திருப்பித் தரவேணாம்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம கிளாஸ்ல இதுவரைக்கும் யாரும் ஃபெயில் ஆனதில்லை தம்பி"ன்னார், பெருமையா.

நேத்து மறுபடி குறி போட்டோம். எட்டு தடவை பண்ணினா. கடைசி தடவை ஒன்றரை அடிக்கு வந்துட்டா, அவளே ஸ்கேலை எடுத்துட்டு வந்து அளந்தா. கிரேடிங் அடுத்த மாசம். பச்சை பெல்ட் எப்படியும் வந்துடும். ஆனா குறியில வந்து நிக்கிற வரைக்கும் அது பீரோவுலதான், சாவி என்கிட்டதான்னு சொல்லியிருக்கேன். பாப்பா சரின்னுட்டா. அக்காதான் இன்னும் என்கூட பேசலை.