பெயர்ப்பலகையில் இரண்டெழுத்து

கோலாலம்பூர், ஜாலான் ஈப்போவில் 1999ஆம் ஆண்டு ஓர் உணவகம் திறக்கப்பட்டது. மீன்தலைக் கறி உள்ளிட்ட உள்ளூர் உணவுகளை விற்ற அக்கடையின் பெயர் ‘மெக்கறி’. ‘மலேசியன் சிக்கன் கறி’ என்பதன் சுருக்கமே அது என்றனர் உரிமையாளர்கள். 1982 முதல் மலேசியாவில் கடை நடத்திவரும் மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. 2001இல் வழக்குத் தொடுத்தது.

அந்நிறுவனத்தின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பெயர் மக்கள் மனத்தில் இடம்பிடிக்கப் பல்லாண்டு ஆகும்; அதைப் போலவே இன்னொன்றை எழுதி மாட்ட ஒரு நாள் போதும். ‘மெக்’ என்று தொடங்கும் உணவகப் பெயரைப் பார்க்கும் மக்கள் தன்னையே நினைப்பார்கள், தன் நற்பெயரில் பிறர் இலாபம் பார்க்கிறார்கள் என்பதே அதன் வாதம். 2006இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

இத்தகைய வழக்கில் வென்றவருக்குச் சட்டம் தரும் நிவாரணங்கள் வலிமையானவை. போட்டியாளர் அப்பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது என நீதிமன்றம் தடை விதிக்கலாம். ஏற்பட்ட நட்டத்திற்கு இழப்பீடு பெற்றுத் தரலாம். அல்லது அப்பெயரால் போட்டியாளர் ஈட்டிய இலாபத்தைக் கணக்கிட்டு ஒப்படைக்கச் சொல்லலாம். பலகையிலிருந்தும் பொட்டலங்களிலிருந்தும் பெயரை அழிக்கும்படியும் ஆணையிடலாம். நாடெங்கும் கிளைகள் உள்ள நிறுவனம் இவற்றைத் தாங்கிக்கொள்ளும். ஒரே கடையை நம்பியிருப்பவருக்கோ பலகையைக் கழற்றுவது பிழைப்பையே மறுபடியும் தொடங்குவது போன்றது. ஆகவே, வாடிக்கையாளர் உண்மையிலேயே ஏமாறுகிறாரா என்று பார்ப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வேலையைச் செய்தது. இரண்டெழுத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்காமல், கடையின் தோற்றம் முழுவதையும் அது பார்த்தது. மெக்டோனல்ட்ஸின் அடையாளம் பொன்னிற வளைவுகளால் ஆன ‘எம்’ எழுத்து. மெக்கறியின் பலகையிலோ இரு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்டும் ஒரு கோழி! அங்கு விற்ற உணவு வேறு. உணவுப் பட்டியலில் எந்த உணவின் பெயரிலும் ‘மெக்’ ஒட்டியிருக்கவில்லை. மீன்தலைக் கறி உண்ண வந்தவர், பர்கர் கடைக்குள் நுழைந்துவிட்டதாக எண்ணுவாரா? மேலும், ‘மெக்’ எந்த நிறுவனமும் உருவாக்கிய சொல்லன்று; ஸ்காட்லாந்தில் அவ்வாறு தொடங்கும் குடும்பப் பெயர்கள் ஏராளம். தீர்ப்பு உணவகத்தின் பக்கம் திரும்பியது. அதே ஆண்டு செப்டம்பரில், மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்ட மெக்டோனல்ட்ஸின் விண்ணப்பத்தைக் கூட்டரசு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதைக் கேட்டுவிட்டு, புகழ்பெற்ற பெயரை யாரும் சற்று மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறு. வீட்டில் மசாலைத் தூள் அரைத்து விற்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யலாம். அதே நிறப் பொட்டலம், அதே படம், ஓரெழுத்து மட்டும் மாறிய பெயர் எனப் பக்கத்துக் கடையில் வேறொரு தூள் வந்தால், அக்குடும்பத்தைக் காப்பதும் இதே சட்டம்தான். ஆனால், பதிவு செய்யாத பெயருக்காக வழக்காடுபவர் தம் பெயருக்கு மதிப்பு உண்டு, மக்கள் குழம்புகின்றனர், அதனால் தமக்குக் கேடு விளைகிறது என மூன்றையும் மெய்ப்பிக்க வேண்டும். பதிவு செய்தவருக்குச் சுமை குறைவு. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி ஒரு பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பலகை எழுதுபவரிடம் போவதற்கு முன் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது சிறு வணிகருக்கு மிகவும் மலிவான பாதுகாப்பு. எத்தனையோ பேர் அதைச் செய்வதில்லை.

மெக்கறி வழக்கில் மிகவும் உறுத்துவது அது நீடித்த காலம்தான். தீர்ப்பு நியாயமானதே. எனினும், தொடுத்த நாள் முதல் முடிந்த நாள் வரை எட்டு ஆண்டுகள், தன் பெயர் தன்னிடம் இருக்குமா என்று தெரியாமலேயே ஓர் உணவகம் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. இறுதியில் வழக்குச் செலவாக அதற்கு 10,000 ரிங்கிட் வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.